மெய் முதலில் வராது

அவரைக் கோட்டுக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். கோட் போட்ட பெரிய மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். அவரிடம் இருந்ததெல்லாம் அரைக்கைச் சட்டைகள், அத்தனையிலும் மசிக்கறை. கோடு போட்டுப் பிழைக்கிறவர், அதனால் கோட்டுக்காரர். ஒரு வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கங்களில், குறுக்கெழுத்துப் போட்டிக்கும் சோப்பு விளம்பரத்துக்கும் நடுவில், அவர் வரைந்த படக்கதை பல வருஷமாக வந்துகொண்டிருந்தது.

படக்கதைக்குப் பெயர் "சுவருக்கும் கேட்காது". நாயகன் ஓர் உளவாளி. பெயர் கிடையாது, முகத்தில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் கிடையாது. லிஃப்ட் பழுது பார்ப்பவன் வேஷத்தில் எந்தக் கட்டடத்துக்குள்ளும் நுழைந்துவிடுவான். லிஃப்ட் ரிப்பேர்காரனை எவன் தடுப்பான்? மாடி மாடியாக ஏறி நாக்குத் தள்ளினவன் அவன் காலில் அல்லவா விழுவான்! அவனிடம் இன்னொரு விசேஷம், பேசவே மாட்டான். மற்றவர்களெல்லாம் வாய் கிழியப் பேசுவார்கள். அவன் தலைக்கு மேலே மிதக்கிற வசனப் பலூனில் மட்டும் ஒரே ஓர் எழுத்து இருக்கும். "ம்."

எதிரிகள் அவனைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு, "நீதானே உளவாளி?" என்று உலுக்குவார்கள். "ம்." "உன் கூட்டாளிங்க எங்கடா?" "ம்." ஆமாம் என்கிறானா, கேட்டுக்கொண்டிருக்கிறானா, போடா என்கிறானா என்று தெரியாமல் எதிரிகளுக்குப் பைத்தியம் பிடிக்கும். படிக்கிறவர்களுக்கு மட்டும் நன்றாகத் தெரியும். டீக்கடையில் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு, "அடேயப்பா, என்ன ஒரு ம்!" என்று ரசிப்பார்கள்.

உண்மையைச் சொன்னால், அந்த "ம்" கோட்டுக்காரரின் சொந்தச் சரக்கு இல்லை. வீட்டுக்குள்ளேயே சுட்டது.

அவர் மனைவியின் அண்ணன், அதாவது இவருக்கு மச்சான், நிஜமாகவே லிஃப்ட் மெக்கானிக். தோளில் ஸ்பேனர் பை, நகத்தில் கிரீஸ், சுத்தமான வாயில்லாப் பூச்சி. பெற்றவர்கள் போன பிறகு தங்கையைத் தனியாளாக வளர்த்தவர். கல்யாணம் ஆகி அவள் வந்தபோது அவரையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அந்தக் கல்யாணமே ஒரு "ம்"மில் முடிந்ததுதான். பெண் கேட்டுப் போன அன்று கோட்டுக்காரர் தன் திறமை, தன் எதிர்காலம், தன் நல்ல குணம் எல்லாவற்றையும் தொண்டை வறளப் பேசி முடித்தார். மச்சான் "ம்" என்றார். அது சம்மதமா, கிளம்பு என்கிறதா என்று புரியாமல் இவர் திருதிருவென்று விழிக்க, உள்ளே இருந்து தங்கைதான் வந்து, "சரின்னு சொல்லிட்டான், டீயைக் குடிங்க," என்றாள்.

அண்ணனின் "ம்"களுக்கு உலகத்தில் இருந்த ஒரே அகராதி அவள். "இது பசிக்குதுங்கிற ம்." "இது முதுகு வலிக்குதுங்கிற ம், கேட்டா சொல்ல மாட்டான்." மறுக்கும்போது மட்டும் மச்சான் கொஞ்சம் தாராளம் காட்டுவார். "ம்ஹும்" என்பார். அவர் வாழ்க்கையிலேயே மிக நீண்ட சொற்பொழிவு அதுதான். சாப்பாட்டு மேஜையில் அவருக்கு ஜன்னல் பக்கத்து இடம். வேலை முடிந்து வர எவ்வளவு நேரமானாலும் தங்கை அவருக்குத் தட்டு எடுத்து வைத்துவிட்டுத்தான் தான் உட்காருவாள்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வீட்டில்தான் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து போன் வந்தது. "சுவருக்கும் கேட்காது" தொடராக வரப்போகிறதாம். கோட்டுக்காரருக்குத் தலை கால் புரியவில்லை. மச்சானைக் கட்டிப்பிடித்து, "மச்சான், நம்ம 'ம்'மை நாடே கேக்கப்போகுது!" என்றார்.

"ம்," என்றார் மச்சான்.

"என்ன சொல்றாரு?" என்று மனைவியிடம் கேட்டார்.

"பாத்துப் போங்கன்றான்," என்றாள்.

நிலையத்தின் வாசலிலேயே கோளாறு ஆரம்பித்தது. "கோட்டுக்காரர் வருவார், உடனே மேலே அனுப்பவும்" என்று காவலருக்கு உத்தரவு. காவலர் கடமை தவறாதவர். கோட் போட்டு வந்த முதல் ஆளை மரியாதையாக மேலே அனுப்பிவிட்டு, மசிக்கறைச் சட்டையை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டார். மேலே போனவர் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்க வந்தவர். அவருக்குப் பூங்கொத்து கொடுத்து, கைதட்டி, கதையில் என்னென்ன மாற்றலாம் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு இரண்டு இயந்திரம் விற்றுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். விஷயம் தெரிந்து இவரை அழைத்தபோது லிஃப்ட் ஓடவில்லை. படியேறி மூச்சிரைக்க ஒன்பதாவது மாடிக்குப் போனால், நிர்வாக இயக்குநர் இவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"முன்னாடி வந்த கோட்டுக்காரர் ரொம்ப நல்ல மனுஷன். எதுக்குமே மறுப்பு சொல்லல. நீங்களும் அப்படித்தான் இருப்பீங்கன்னு நம்பறேன்," என்றார்.

நீண்ட மேஜையைச் சுற்றிக் குழு உட்கார்ந்திருந்தது. பேசியது பெரும்பாலும் மூன்றே பேர்தான், மற்றவர்கள் பிஸ்கட் தின்பதற்கு. ஒருவர் இந்த இயக்குநர். அடுத்தவர் மொழித்தூய்மை அதிகாரி. யார் எதை எழுதினாலும் முதலில் புள்ளி சரியாக இருக்கிறதா என்று எண்ணுகிறவர் என்பதால் அவருக்குப் புள்ளி ஐயா என்று பெயர். மூன்றாவது, மெய்ம்மைப் பிரிவின் தலைவி. திரையில் வருவது எல்லாம் உண்மைதான் என்று சான்று கொடுக்கிறவர். எல்லோரும் அவரை மெய்ம்மை அம்மா என்றார்கள். மூலையில் தனியாக ஒரு நாற்காலி. அதில் சாம்பல் நிறச் சட்டையில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். கோட்டுக்காரர் அவரைப் பார்த்து வணக்கம் சொன்னார்.

"யாருக்கு வணக்கம் சொல்றீங்க? அந்த நாற்காலி காலி," என்றார் இயக்குநர். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரகசியத் துறை. அப்படி ஒரு துறையே இல்ல. அதனால அவரும் இல்ல. அவருக்கு டீ மட்டும் குடுப்போம்," என்றார்.

காலி நாற்காலி டீயை ஊதிக் குடித்தது.

இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டு உரையாற்றினார். "ரகசியத்துக்கு நாங்க எதிரி இல்ல. ஆனா ரகசியம்னா பாக்கறவங்களுக்குப் பளிச்சுன்னு தெரியணும். யாருக்கும் தெரியாத ரகசியத்தால யாருக்கு என்ன லாபம்? உங்க நாயகனைப் பாத்தா லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் மாதிரி இருக்கான். உளவாளின்னு ஜனங்க எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

"கண்டுபிடிக்கக் கூடாதுன்னுதாங்க அந்த வேஷமே," என்றார் கோட்டுக்காரர்.

குழு அனுதாபத்தோடு சிரித்தது. நாயகனின் முதுகில் "ரகசிய உளவாளி" என்று இருட்டிலும் ஒளிரும் எழுத்தில் எழுதுவதென்று ஒருமனதாக முடிவாயிற்று. எதிரிகளுக்குத் தெரிந்துவிடாதா என்று இவர் கேட்டதற்கு, எதிரிகள் முன்பக்கமாகத்தான் வருவார்கள் என்று ஒரு பிஸ்கட் உறுப்பினர் விளக்கினார்.

அதையெல்லாம் கோட்டுக்காரர் பொறுத்துக்கொண்டார். முதுகில் எழுதினால் எழுதிவிட்டுப் போகட்டும், முன்னால் "ம்" இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அப்போதுதான் புள்ளி ஐயா படக்கதையை விரித்து, பலூனில் விரலை வைத்தார்.

"இது என்ன?"

"ம், ஐயா."

"'ம்'னு ஒரு சொல்லே கிடையாது. இது மெய்யெழுத்து. மெய் முதல்ல வராது. சின்னப் பிள்ளைங்க பாடப் புத்தகத்துல இருக்கு. உங்க நாயகன் வாயைத் திறக்கும்போதெல்லாம் இலக்கணம் சாகுது."

"எல்லாரும் சொல்றதுதானேங்க. நீங்ககூட இப்ப போன்ல பேசும்போது 'ம், ம்'னீங்களே."

புள்ளி ஐயா முகம் சிவந்தது. "அது என் தனிப்பட்ட வாழ்க்கை," என்றார். "நிலையத்துல மெய் முதல்ல வர நான் உயிரோட இருக்கற வரைக்கும் விட மாட்டேன். முன்னால ஓர் உயிர் போட்டுடலாம். 'ஆம்'. பாருங்க, எவ்வளவு அழகா நிமிந்து நிக்குது!"

கோட்டுக்காரர் பலூனைக் கையால் மறைத்துக்கொண்டார். "ஐயா, அவனைக் கட்டிப்போட்டு 'நீதானே உளவாளி'ன்னு கேக்கறாங்க. 'ஆம்'னு சொன்னா கதை முதல் நாளே முடிஞ்சிடுமே!"

"கதை முடியட்டும். மொழி வாழணும் இல்லையா?"

"அப்ப, 'ம்ஹும்'னு ஒரு இடத்துல வருதே, அது?"

"அது இதைவிட மோசம். முதல்ல மெய். நடுவுல ஒரு வெளியூர் எழுத்து, அதுக்கு நம்ம நிலையத்துல அனுமதியே இல்ல. அதை எடுத்துட்டா மிச்சம் என்ன? ரெண்டு 'ம்'. அதாவது ரெண்டு 'ஆம்'."

"அய்யோ, அது இல்லைங்கறதுக்குச் சொல்றதுங்க!"

"இல்லைன்னு சொல்றதுக்கு 'இல்லை'ன்னே ஒரு நல்ல சொல் இருக்கே. அதைச் சொல்லிட்டுப் போறது. யாரு வேணாம்னா?"

இயக்குநர் கண்களை மூடி ரசித்தார். "மௌனமே சம்மதம்பாங்க. 'ம்' அதைவிடப் பெரிய சம்மதம்தானே," என்றார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? கோட்டுக்காரர் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அவருக்கு ஆத்திரம். அத்தனை வருஷம் வரைந்த ஒற்றை எழுத்தை இப்படித் துணி துவைக்கிற மாதிரி அடித்துத் துவைக்கிறார்களே என்று பொங்கியது. போதாக்குறைக்கு மெய்ம்மை அம்மா, "இதெல்லாம் வெறும் கற்பனைதானே? கற்பனைன்னா சிறுவர் நிகழ்ச்சிக்குத் தள்ளிவிட்டுடலாம், பொம்மை முயலுக்கு அப்புறம் போடலாம். உண்மைன்னா மட்டும்தான் ராத்திரிச் செய்திக்கு அடுத்த இடம். அப்ப யாரும் எதையும் மாத்த முடியாது," என்று ஒரு தூண்டில் போட்டார்.

"உண்மைதாங்க!" என்று கோட்டுக்காரர் மேஜையைத் தட்டினார். "அப்படி ஒருத்தர் நிஜமாவே இருக்காரு. என் மச்சான். லிஃப்ட் மெக்கானிக். ஊர்ல உள்ள பெரிய கட்டடம் எல்லாத்துக்குள்ளயும் போவாரு, யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. என்ன கேட்டாலும் 'ம்'தான். அவரை அப்படியே பாத்து வரைஞ்சதுதான் இது."

பிஸ்கட் உறுப்பினர்கள் பிஸ்கட்டைக் கீழே வைத்தார்கள். மூலையில் காலி நாற்காலி டீக்கோப்பையைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. கோட்டுக்காரர் அதைத் தன் பேச்சின் வெற்றி என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள். "அண்ணனைப் பத்தி எதுக்குங்க அங்க பேசினீங்க?"

"பெருமையாத்தான் சொன்னேன்."

"பீத்திக்கிட்டேன்னு சொல்லுங்க. அவன் யாரு வம்புக்கும் போகாதவன். உங்க வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியலையா?"

"உனக்குக் கலையைப் பத்தி என்ன தெரியும்?" என்றார் கோட்டுக்காரர். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மச்சான் இருவரையும் பார்த்து, "ம்," என்றார். சண்டை போடாதீர்கள் என்று பொருள். அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் காலி நாற்காலி முதல் தடவையாகப் பேசியது. "விசாரிச்சோம். அப்படி ஒரு ஆள் எங்க துறையில இல்ல."

"உங்க துறையே இல்லையே," என்றார் இயக்குநர், ஞாபகமாக.

"ஆமா. இல்லாத துறையில இல்லாத ஆளு. ஆனா உளவாளின்னு இவரு சொல்றாரு, மெய்ம்மைப் பிரிவும் சான்று குடுத்துடுச்சு. அப்ப உளவாளிங்கறது உறுதி. நம்ம ஆளு இல்லங்கறதும் உறுதி. நம்ம ஆளு இல்லாத உளவாளியை என்னன்னு சொல்வாங்க?"

கோட்டுக்காரர் பதறி எழுந்தார். "ஐயா, அவரு லிஃப்ட் ரிப்பேர் பண்றவருங்க! நிஜ உளவாளின்னு நான் சொல்லவே இல்ல. பாத்து வரைஞ்சேன்னுதான் சொன்னேன்."

"பயப்படாதீங்க," என்று மெய்ம்மை அம்மா அவர் தோளைத் தட்டினார். "சான்றை மாத்த முடியாது. அதுதான் அதோட சிறப்பு."

தொடர் ராத்திரிச் செய்திக்கு அடுத்து ஒளிபரப்பாயிற்று. யாரும் எதையும் மாற்ற முடியாது என்றது, குழு ஏற்கெனவே செய்த மாற்றங்களுக்கும் பொருந்துமாம். முதல் பகுதியிலேயே, முதுகில் எழுத்து ஒளிர ஒளிர நாயகன் பிடிபட்டான். தலைகீழாகத் தொங்கவிட்டு, "நீதானே உளவாளி?" என்று கேட்டார்கள். நாயகன் கேமராவைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தி, தலைகீழாக எவ்வளவு நிமிர்த்த முடியுமோ அவ்வளவு நிமிர்த்தி, "ஆம்!" என்று முழங்கினான். அதற்குப் பிறகு கதை ஏது? மிச்சப் பகுதிகள் முழுக்க அவன் கூட்டாளிகளின் பெயரையும் விலாசத்தையும் சுத்தமான உச்சரிப்பில் ஒப்பித்துக்கொண்டிருந்தான். ஊர் கொண்டாடியது. இவ்வளவு நேர்மையான உளவாளியைப் பார்த்ததில்லை என்று பத்திரிகைகள் எழுதின. புள்ளி ஐயாவுக்குப் பதக்கம் கிடைத்தது. இனிமேல் எந்த அலுவலகத்திலும், எந்த விசாரணையிலும், "ம்" என்பதை "ஆம்" என்றே பதிவு செய்ய வேண்டும் என்று மேலிடத்து உத்தரவும் பறந்தது.

வெற்றி விழா ஒன்பதாவது மாடியில். விருந்தினர்கள் படியேறி வந்து விசிறிக்கொண்டிருந்தார்கள். இயக்குநரும் புள்ளி ஐயாவும் மட்டும் படியேறுவது கௌரவத்துக்குக் குறைவு என்று, பாதி உயிரோடு இருந்த லிஃப்டில் ஏறினார்கள். அது நடுவில் நின்றுவிட்டது. உள்ளே இருந்து புள்ளி ஐயா, "மின்தூக்கி! மின்தூக்கி!" என்று அலறினார். காவலர் கீழே இருந்து, "மின்தூக்கின்னு யாரும் இங்க வேலை பாக்கலீங்க!" என்று பதில் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் யாரோ லிஃப்ட் கம்பெனிக்குப் போன் செய்தார்கள். கம்பெனி அனுப்பிய ஆள், வேறு யார், மச்சான்தான்.

மச்சான் யாரையும் பார்க்காமல் ஸ்பேனர் பையோடு மேலே போனார், என்னவோ திருகினார், கதவைக் கையால் பிளந்து இரண்டு பெரிய மனிதர்களையும் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார். கூட்டத்தில் நின்ற கோட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. "அவருதான் என் மச்சான்!" என்று கத்தினார். இரண்டாவது தடவை.

கேமராக்கள் திரும்பின. மெய்ம்மை அம்மா மைக்கை நீட்டினார். "நீங்கதான் அந்த மச்சானா?"

"ம்," என்றார் மச்சான், துணியில் கையைத் துடைத்துக்கொண்டே.

"எல்லாக் கட்டடத்துக்குள்ளயும் போவீங்களா?"

"ம்."

"யாரும் கேக்க மாட்டாங்களா?"

"ம்."

காலி நாற்காலி கூட்டத்துக்குள்ளிருந்து எழுந்து வந்து மச்சானின் முழங்கையைப் பிடித்தது. மச்சான் புரியாமல் கோட்டுக்காரரைப் பார்த்தார். கோட்டுக்காரர் தள்ளிக்கொண்டு முன்னே போவதற்குள் கைதட்டல் அதிர்ந்தது. தொடரின் விளம்பரக் காட்சி என்று விருந்தினர்கள் நினைத்துவிட்டார்கள். இயக்குநரும் அப்படியே நினைத்து, "பிரமாதம், பிரமாதம்!" என்று எல்லோரையும்விட அதிகமாகக் கைதட்டினார். மச்சானை அவர் சரிசெய்த லிஃப்டிலேயே கீழே கொண்டுபோனார்கள். அது ஒரு குலுக்கல் இல்லாமல் இறங்கியது.

விசாரணை நடந்த அலுவலகத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஆனாலும் பஸ் நின்றதும் கண்டக்டர், "இல்லாத ஆபீஸ் எல்லாம் எறங்கு!" என்று சத்தம் போட்டார். கோட்டுக்காரரும் மனைவியும் இறங்கினார்கள். அவள் அண்ணனுக்குச் சாப்பாடு கட்டி எடுத்து வந்திருந்தாள். மச்சான் இங்கே இல்லை என்று வாசலில் சொல்லிவிட்டு, சாப்பாட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். அங்கே ஒரு மேஜை. ஓரத்தில் தட்டச்சு செய்கிற ஆள். எதிரே காலி நாற்காலி, இப்போது அவருக்குப் பெரிய நாற்காலி. மச்சானின் வாக்குமூலத்தை அவர் சாவகாசமாகப் படித்தார்.

"'வெளிநாட்டுக்காரனுக்கு வேலை பாக்கறியா?' பதில்: 'ஆம், ஆம்.' 'உன்கூட வேற யாராவது இருக்காங்களா?' 'ஆம், ஆம்.' 'அடிச்சது வலிக்குதா?' 'ஆம்.'" நிமிர்ந்து பார்த்தார். "முக்கியமான கேள்விக்கெல்லாம் ரெண்டு ரெண்டு தடவை ஒத்துக்கிட்டிருக்காரு. இப்படி ஒரு ஒத்துழைப்பு எங்க சர்வீஸ்ல பாத்ததில்ல."

மனைவி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "அய்யா, அது ஆம் இல்லைங்க! 'ம்ஹும்'னு சொல்லியிருப்பான். இல்லைன்னு அர்த்தம்!"

"அந்தக் கடைசி ஒண்ணு?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அது ஆமான்னுதான் அர்த்தம்," என்றாள்.

"பாத்தீங்களா, சரியாத்தான் எழுதியிருக்கோம்." அவர் வாக்குமூலத்தை மூடினார். "அம்மா, நாங்க ஒண்ணும் ராட்சசங்க இல்ல. எல்லாம் ஆரம்பிச்சது உங்க வீட்டுக்காரர் வாயிலேர்ந்து. அவரு வாயாலயே முடிச்சிடலாம். சார், உங்களை ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன். 'இல்லை'ன்னு தெளிவா ஒரு சொல் சொல்லுங்க. இன்னைக்கே மச்சானைக் கூட்டிக்கிட்டுப் போயிடலாம்."

கோட்டுக்காரருக்கு உயிர் வந்தது. வாயைத் திறந்தார்.

"அவசரப்படாதீங்க. இன்னொண்ணும் சொல்லிடறேன், இல்லன்னா மோசம் பண்ணிட்டோம்பீங்க. 'இல்லை'ன்னா, நீங்க மெய்ம்மைப் பிரிவுல சொன்னது பொய்னு ஆகுது. பொய் சொல்லி அரசாங்கத்தையே ஏமாத்தின மாதிரி. அவரு இருக்கற அறை காலியாகும், அதுல நீங்க இருக்க வேண்டியிருக்கும். ரொம்ப நாள் இல்ல. கொஞ்ச நாள்தான்."

தட்டச்சுக்காரர் விரல்களை நெட்டி முறித்துக்கொண்டார்.

"சொல்லுங்க சார். உங்க மச்சான் உளவாளிதானே?"

மனைவி அவரைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் இவரிடம் பெரிதாக எதையும் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை, வெறுமனே பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். அந்த இருமல் யாருடையது என்று இரண்டு பேருக்குமே தெரிந்தது.

"இல்லை." எத்தனை சின்னச் சொல்! குழந்தைக்குக்கூட வரும். கோட்டுக்காரர் நாக்கு வரைக்கும் கொண்டுவந்தார். அப்போது அவருக்குத் தன்னுடைய மேஜை ஞாபகம் வந்தது, மசிப்புட்டி, வாசகர் கடிதங்கள், காலையில் முதுகைச் சுடும் வெயில். தலைகீழாகத் தொங்குகிற ஆளை அத்தனை வருஷமாக வரைந்தாரே, கயிறு காலை எப்படி அறுக்கும் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. இப்போது யோசித்தார்.

"ம்," என்றார்.

தட்டச்சு இயந்திரம் கொஞ்ச நேரம்தான் சத்தம் போட்டது. சின்னச் சொல்தானே.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் பேச ஆரம்பித்தார். ம்ஹும் என்று சொல்லத்தான் வாயெடுத்தாராம். தொண்டை அடைத்துக்கொண்டதாம். பாதியிலேயே அந்தப் பாவி தட்டிவிட்டானாம். "நீயே சொல்லு, 'ம்'னா ஆமான்னு மட்டுமா அர்த்தம்? உனக்குத் தெரியாததா?"

"எனக்குத் தெரியும்ங்க," என்றாள் அவள். "எங்கண்ணன் எத்தனை விதமா சொல்லுவான், அத்தனையும் எனக்குத் தெரியும். நீங்க சொன்னது என்ன 'ம்'முன்னும் தெரியும்."

பஸ் வந்ததும் அவள் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டுக்குள் நுழையும்போதே போன் அடித்துக்கொண்டிருந்தது. இயக்குநர். குரலில் தேன் சொட்டியது. "கேள்விப்பட்டேன் சார்! குடும்பத்தைவிட உண்மை பெருசுன்னு காட்டிட்டீங்க. அடுத்த தொடர் உங்க மச்சானோட கதைதான். வாக்குமூலத்தை அப்படியே வசனமா வச்சுக்கறோம், ஒரு எழுத்து மாத்த வேணாம்னு புள்ளி ஐயாவே சொல்லிட்டாரு. படம் நீங்கதான் வரையணும். சம்மதம்தானே?"

கோட்டுக்காரர் சமையலறைப் பக்கம் பார்த்தார். மனைவி அங்கே நின்று அவர் வாயையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

அவருக்கு எங்கிருந்தோ ஒரு வெறி வந்தது. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வீடே அதிர, முழுசாக, ஓர் எழுத்துகூட விழுங்காமல் சொன்னார். "ம்ஹும்!"

"ரெண்டு ஆம்!" என்று மறுமுனையில் ஆனந்தக் கூச்சல் கேட்டது. "ரொம்ப நன்றி சார், குறிச்சுக்கிட்டேன்." இயக்குநர் போனை வைத்துவிட்டார்.

கோட்டுக்காரரும் போனை வைத்தார். பிறகு பசித்தது. என்ன செய்வது, வயிறு என்று ஒன்று இருக்கிறதே. சாப்பாட்டு மேஜைக்குப் போனார். வழக்கம் போல அவள் எல்லாம் எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். மேஜையில் இரண்டு தட்டுகள் இருந்தன.

ஒன்று அவளுக்கு. இன்னொன்று ஜன்னல் பக்கத்தில் இருந்தது.